ஹெக்ராவின் கல்லறைகளும் ஒரு மானாமதுரைக் கலயமும்

அஜ்மானில் வீடு, துபாயில் ஆபீஸ் என்று இருப்பவனுக்கு ஆயுளில் ஒரு பங்கு சாலை நெரிசலிலேயே கரைந்துவிடும். ஏசி டக்ட்டுக்கு எஸ்டிமேட் போடுவது என் பிழைப்பு. பழைய இடிபாடுகளைத் தேடிப் போய் இந்த வலைப்பூவில் எழுதுவது என் கிறுக்கு. இத்தனை வருடம் வளைகுடாவில் இருந்தும் உரோமைப் பேரரசின் தெற்கு எல்லையைப் பார்க்கவில்லையே என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. சவூதியின் வடமேற்கில், அல்உலாவுக்கு அருகில் இருக்கும் ஹெக்ராதான் அந்த எல்லை. ஜனவரியில் போகப் போகிறேன் என்று இங்கே இரண்டு வரி எழுதியிருந்தேன். கல்லைப் பார்க்க டிக்கெட் போடுவதை ஒரு நோயாகவே கருதும் என் மனைவி, மகளைக் காரணம் காட்டிக் கழன்றுகொண்டாள்.

அந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர் ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, அல்உலாவிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தார். தன் தம்பி அங்கே இருப்பதாகவும், தனக்கு வழி தெரியாது என்பதால் கூட வரலாமா என்றும் கேட்டிருந்தார். நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும், தம்பிக்கு அங்கே என்ன வேலை என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. "வேலை இல்ல சார். அவன அங்க பொதச்சிருக்கு."

அப்படித்தான் முத்துக்கருப்பன் எனக்குப் பழக்கமானார். சிவகங்கைப் பக்கம். எமிரேட்ஸின் மேற்குக் கோடியில் உள்ள ருவைஸில் சாரம் கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன். ஐம்பதைத் தொட்டிருப்பார். போனில் அவர் சொன்ன கதை இதுதான். தம்பி செல்லப்பாண்டி சவூதியில் சாலை வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். கொரோனாவில் விமானங்கள் நின்றுபோயிருந்த வருடம், லாரி கவிழ்ந்து இறந்துபோனார். உடல் பிணவறையில் வாரக்கணக்கில் கிடந்தது. உதவிக்கு வந்த தமிழர் ஒருவர் முத்துக்கருப்பனைக் கூப்பிட்டு, இங்கேயே அடக்கம் செய்துவிடலாமா என்று கேட்டார். இப்போதைக்குப் புதைத்து வையுங்கள், ஃப்ளைட் விட்டதும் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார் இவர்.

அவர்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். புதைப்பது என்பது அவருக்குப் பத்திரமாக வைப்பது மாதிரி. கேட்டவரும் இருந்த அவசரத்தில் சரி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து, எலும்பு வந்து கடலில் கரைத்த பிறகுதான் கருமாதி என்று செல்லப்பாண்டியின் மனைவி ராசாத்தி பிடிவாதமாக இருக்கிறாராம். இன்னும் தாலியைக் கழற்றவில்லை. கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் இவர்தான்.

சவூதியில் புதைத்த உடலைத் தோண்டி எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும். கஷ்டம் அண்ணே என்று சொன்னேன். நேரில் போய் நின்று கேட்டால் மனுசனுக்கு மனுசன் இரங்க மாட்டானா என்றார். சரி, வாருங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது?

இனி பயணம். ஷார்ஜாவிலிருந்து மதீனாவுக்கு நேரடி விமானம், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். எமிரேட்ஸ் விசாவில் இருப்பவர்களுக்குச் சவூதி விசா இணையத்திலேயே கிடைக்கிறது. மதீனா விமான நிலையம் புனித எல்லைக்கு வெளியே இருப்பதால் முஸ்லிம் அல்லாத நம்மைப் போன்றவர்கள் வந்து இறங்கத் தடை இல்லை. முத்துக்கருப்பன் ருவைஸிலிருந்து பஸ் மாறி மாறி நானூறு கிலோமீட்டர் வந்து, என்னை ஷார்ஜா விமான நிலையத்தில் பிடித்தார். அடர்த்தியான மீசை, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு பை. பைக்குள் துண்டில் சுற்றிய ஒரு மண் கலயம். விடுமுறைக்குப் போன அறைத் தோழர் மானாமதுரையிலிருந்து கொண்டுவந்ததாம். எலும்பைப் போட்டுக் கலயத்தின் வாயைக் கட்டுவதற்கான மஞ்சள் துணியை அவர் இடுப்பில் சுற்றி மறைத்திருந்தார்.

மதீனா சுங்கத்தில் அதிகாரி கலயத்தை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். தண்ணீர்ப் பானை, தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும் என்று உளறினேன். நல்ல பானை என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து முத்துக்கருப்பனுக்கு நம்பிக்கை கூடிவிட்டது, "பாத்தீகளா சார்" என்றார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது.

மதீனாவிலிருந்து அல்உலா 320 கிலோமீட்டர். வாடகைக் காருக்கு நாளொன்றுக்கு 140 ரியால் கொடுத்தேன். சாலை அருமை, ஆனால் ஒட்டகம் குறுக்கே வரும், இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். பாதி வழிக்கு மேல் பெட்ரோல் பங்குகள் குறைந்துவிடும். சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் கண்ட இடத்தில் முடித்துக்கொள்வது நல்லது. வழியெல்லாம் கரும்பாறையும் செம்மணலும். தம்பி இந்த ரோட்டில் லாரி ஓட்டியிருப்பானா என்று முத்துக்கருப்பன் ஒருமுறை கேட்டார், தெரியாது என்றேன்.

அல்உலா இப்போது பணக்காரர்கள் வந்து போகும் ஊர் ஆகிவிட்டது. சாதாரண அறைக்கே 380 ரியால் கேட்டார்கள். முத்துக்கருப்பன் தன் பங்கைக் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை, அதில் அவருக்கு வருத்தம். சோறும் பருப்பும் கிடைக்கும் ஒரு பாகிஸ்தானி ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் காலை ஹெக்ரா. ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. சொந்தக் காரில் உள்ளே போக முடியாது. நிர்வாகத்தின் பஸ்ஸில்தான் போக வேண்டும், ஆளுக்கு 95 ரியால், முன்பதிவு கட்டாயம். காலை ஒன்பது மணி பஸ்ஸே நல்லது, பாறைகளின் மேல் வெயில் அப்போதுதான் சரியாக விழும். முத்துக்கருப்பனை அறையிலேயே இருக்கச் சொன்னேன். தனியாக இருக்க முடியவில்லை என்று வந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. வாசனைப் பொருள் வணிகத்தில் கொழித்த நபத்தேயர்களின் தெற்கு நகரம் இது. கி.பி. 106இல் உரோமை அந்த அரசை விழுங்கி, அரேபியா மாகாணம் என்று பெயர் வைத்தது. மாகாணத்தின் தலைமை இடங்கள் எல்லாம் வடக்கே, இன்றைய ஜோர்டான், சிரியாப் பக்கம். ஹெக்ராவோ பேரரசின் கடைசி மூலை. உரோமை ஆட்சி இவ்வளவு தெற்கே வந்ததா என்பதே ரொம்ப நாள் சந்தேகமாக இருந்தது. பிறகு இங்கே ஒரு லத்தீன் கல்வெட்டு கிடைத்தது, இரண்டாம் நூற்றாண்டில் ஊர்ச் சுவரைச் செப்பனிட்ட செய்தி அதில் இருக்கிறது. சுவரை ஒட்டிய குன்றில் படை முகாமும் தோண்டி எடுக்கப்பட்டது. குதிரைப்படை, ஒட்டகப்படைச் சிப்பாய்கள் பக்கத்துப் பாறைகளில் தங்கள் பெயரையும் படைப்பிரிவையும் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஒரு பிரிவு வட ஆப்பிரிக்காக்காரர்களின் பெயரைத் தாங்கியது. நம் லேபர் கேம்ப் சுவர்களில் பெயரையும் கம்பெனியையும் எழுதி வைப்பார்களே, அதேதான்.

வருத்தமான செய்தி: உரோமையரின் முகாம் சாதாரணப் பயணிகளுக்கான பாதையில் இல்லை. வழிகாட்டி பஸ் ஜன்னல் வழியாக ஒரு மேட்டைக் காட்டினார், அவ்வளவுதான். பாறைக் கீறல்களையும் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். இத்தனை தூரம் வந்து ஒரு மேட்டைப் பார்க்கவா 95 ரியால் என்று எனக்குக் கோபம் வந்தது.

காட்டுவது முழுக்க நபத்தேயக் கல்லறைகளைத்தான். பாறையையே குடைந்து, மேலே படிக்கட்டு வேலைப்பாடு, வாசல் தூண்கள், கழுகு. பார்க்க மாளிகை முகப்பு மாதிரி இருக்கும். பல வாசல்களுக்கு மேலே எழுத்து இருக்கிறது. வழிகாட்டி ஒரு சவூதி இளம்பெண், நல்ல ஆங்கிலம். அந்த எழுத்துகளின் சாரத்தைச் சொன்னார். இந்தக் கல்லறை இன்னார் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் செய்துகொண்டது, இதை விற்பவனும் இதில் அந்நியனைப் புதைப்பவனும் சாபத்துக்கு ஆளாவான், அபராதமும் கட்ட வேண்டும். கிட்டத்தட்ட பத்திரப் பதிவு. நான் முத்துக்கருப்பனுக்குத் தமிழில் சொன்னேன். அந்நியன் என்ற இடத்தில் நாக்கு தயங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அவர் கல்லறைக்குள் எட்டிப் பார்த்தார். காலியாக இருந்தது. உள்ளே இருந்தவர்கள் எங்கே என்று கேட்டார். எலும்புகளை ஆராய்ச்சிக்காக எடுத்திருக்கிறார்கள் என்றேன். திரும்பும்போது வரவேற்பு மையத்தில் அதற்கு விளக்கமும் கிடைத்தது. இங்கே கிடைத்த மண்டை ஓட்டை வைத்து, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் முகத்தை மெழுகில் செய்ததுபோல அப்படியே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். புருவம், முடி, தலையில் துணி எல்லாம் உண்டு. ஆட்கள் அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முத்துக்கருப்பன் அந்த முகத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு வழிகாட்டியிடம் ஒன்று கேட்கச் சொன்னார்.

"இந்த அம்மாவோட எலும்ப எடுக்கறதுக்கு யாருகிட்ட சார் சம்மதம் கேட்டாய்ங்க?"

கேட்டேன். இப்போது இவர்களுக்கு உறவினர் என்று யாரும் இல்லை, கேட்க ஆள் இல்லை என்று அந்தப் பெண் மென்மையாகச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார்.

"ரெண்டாயிரம் வருசத்து எலும்ப எடுக்குறாய்ங்க. கேக்க ஆள் இருக்கறதாலதான் என் தம்பியோடத எடுக்க முடியாது போல."

முடியாது என்ற சொல் அவர் வாயில் முதல்முறையாக அங்கேதான் வந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பி அந்த ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஊருக்கு வெளியே ஒரு சுற்றுச் சுவர், ஒரு இரும்புக் கதவு. பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. முஸ்லிம் அல்லாதவர்களைப் புதைக்கும் இடம். உள்ளே வரிசை வரிசையாகச் சின்ன மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு வெறுங்கல். பெயர் எழுதும் வழக்கம் அங்கே இல்லை. காவலுக்கு இருந்தவர் பங்களாதேஷ்காரர், பேச்சு இந்தியில். முத்துக்கருப்பன் கலயத்தைக் கையில் பிடித்தபடி, தனக்குத் தெரிந்த இந்தியையும் அரபியையும் கலந்து எல்லாவற்றையும் சொன்னார். காவலர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"தஃபன் கியா தோ கலாஸ், பாய். நிகால்னா மாஃபி."

புதைத்தால் அதோடு முடிந்தது, எடுப்பது கிடையாது. அதிகாரம் உள்ள யாரிடமாவது கேட்டால் நடக்குமா என்று நான் கேட்டேன். தான் வந்ததிலிருந்து நிறையப் பேர் வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள், எடுத்துப் போன ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை என்றார். முத்துக்கருப்பன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைத் தொட்டுத் தேற்றக்கூடத் தெரியவில்லை. போனிலேயே இவரிடம் கண்டிப்பாகச் சொல்லித் தடுத்திருக்கலாம் என்று நினைத்தேன், தடுத்திருந்தால் நின்றிருப்பாரா என்றும் நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். தம்பி எது என்றாவது காட்டச் சொல்லுங்கள் என்றார். அந்த வருடத்து ஆட்கள் மூன்று வரிசை என்பது வரைக்கும்தான் காவலருக்குத் தெரிந்தது. அடக்கம் செய்தவர் அப்போது அனுப்பிய ஒரே ஒரு படம் முத்துக்கருப்பனின் போனில் இருந்தது. ஈர மண், ஒரு கல், பின்னால் ஒரு மின்கம்பம், அதற்கும் பின்னால் நடுவில் பிளந்த ஒரு குன்று.

இந்த வேலை எனக்குத் தெரியும். பழைய இடிபாடுகளின் நூறு வருடப் படங்களை வைத்துக்கொண்டு, எடுத்தவர் நின்ற இடத்தைத் தேடுவது என் பொழுதுபோக்கு. படத்தில் எது எதற்கு நேராக இருக்கிறதோ, கண்ணுக்கும் அது அப்படியே தெரியும்வரை நகர வேண்டும். கம்பம் குன்றின் பிளவுக்குள் சரியாக விழும்வரை வரிசைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்தேன். விழுந்தது. அந்த நேர்க்கோட்டில் ஒரு மேடு இருந்தது. அதற்குப் பின்னால், அடுத்த வரிசையில், இன்னொன்றும் இருந்தது.

இரண்டும் ஒரே அளவு. இரண்டு கல்லும் ஒரே மாதிரி. படம் மிக அருகிலிருந்து எடுத்தது, ஓரமெல்லாம் வெட்டிப்போயிருந்தது. முன்னும் பின்னும் நகர்ந்து, குனிந்து, படுத்தெல்லாம் பார்த்தேன். இதுவா அதுவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மணி நேரம் இங்கேயே இருங்கள் சார் என்று சொல்லிவிட்டு, காவலரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஊருக்குள் போனார். திரும்பி வந்தவரை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சலூனில் தலையையும் மீசையையும் மழித்துவிட்டு வந்திருந்தார்.

கொள்ளிக்குடம் உடைக்கப் போகிறேன் என்றார். படிக்கும் சில இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பிணத்தை மூன்று முறை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் நிற்பவர் குடத்தில் ஒரு துளை போடுவார். கடைசியில் முதுகுக்குப் பின்னால் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். காவலர் முதலில் கூடாது என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, சீக்கிரம் முடியுங்கள் என்று தன் கூண்டுக்குள் டீ போடப் போய்விட்டார்.

காரில் இருந்த பாட்டில் தண்ணீரைக் கலயத்தில் ஊற்றினோம். துளை போட என்னைத் தவிர ஆள் இல்லை.

"ஊர்ல நாவிதர் செய்யிறது சார். ஒங்களச் செய்யச் சொல்றேன்னு தப்பா எடுத்துக்கிறாதீக."

நான் டயர் மாற்றும் கம்பியை எடுத்துக்கொண்டேன். எந்த மேட்டைச் சுற்றப் போகிறீர்கள் அண்ணே என்று கேட்டேன்.

"ரெண்டையும் சேத்துத்தான். அடுத்தவன் யாரு பெத்த புள்ளையோ. அவனுக்கும் யாரும் செஞ்சுருக்க மாட்டாய்ங்க."

இரண்டு மேடுகளையும் சேர்த்துச் சுற்றினார். முதல் சுற்றில் கலயமே உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாகத் தட்டினேன். மூன்று துளையும் விழுந்தது. தண்ணீர் அவர் மழித்த பிடரியில் வழிந்து சட்டையை நனைத்தது. கடைசியில் தோளிலிருந்து பின்னால் விட்டார், உடைந்த சத்தம் கேட்டது. "திரும்பாதீக சார்" என்றார். நான் எந்த இடிபாட்டிலும் உடைந்த பானைத் துண்டுகளைப் பொறுக்கிப் பார்க்காமல் வந்தவனில்லை. அன்றைக்குத் திரும்பாமல் கதவு வரை நடந்தேன்.

மதீனா விமான நிலையத்தில் அவர் ராசாத்தியைக் கூப்பிட்டார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அந்தப் பக்கத்துக் குரலும் கேட்டது. எலும்பு இல்லை, அங்கேயே முடித்துவிட்டேன், கருமாதிக்கு நாள் பார்க்கச் சொல் என்றார். அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருதானா மாமா? நல்லாப் பாத்தீகளா?"

"அவந்தான் ஆத்தா. நல்லாப் பாத்தேன்."

போனை வைத்துவிட்டு, சரியாத்தானே சார் சொன்னேன் என்று என்னைக் கேட்டார். சரிதான் அண்ணே என்றேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், இரவில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். ஹெக்ராவில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். உரோமை முகாமை அருகில் பார்க்க முடியும் என்று நம்பிப் போய் ஏமாறாதீர்கள். அல்உலாவில் தங்க வசதியில்லாதவர்கள் வாரநாளில் போனால் வாடகை கொஞ்சம் குறையும்.

இன்னொன்று, இது இடிபாடு பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டுமில்லை. நம் ஆள் யாராவது இங்கே இறந்து, அடக்கம் செய்யட்டுமா என்று போனில் கேட்டால், புதைத்ததை எடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். வேறு வழியே இல்லை என்றால், அடக்கம் செய்கிறவரிடம் இரண்டு பக்கத்திலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டிலும் கம்பமோ குன்றோ சுவர் மூலையோ பின்னால் தெரிய வேண்டும். ஒரு படம் ஒரு கோட்டைத்தான் காட்டும். எங்கள் கோட்டில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.